தகப்பன் பெயரில் ஓர் இசைத்தட்டு

இந்த இலக்கியத் தொடரில் பேச வாருங்கள் என்று அழைத்தவர்கள், நான் விபுலாநந்த அடிகளாரைப் பற்றியோ நமது கூத்துகளைப் பற்றியோ பேசுவேன் என்று எண்ணியிருப்பார்கள். அதில் தவறில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் தமிழ் படிப்பித்தவன் நான். அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்து, இன்றுவரை அங்கேயே இருப்பவன். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆங்கிலப் பொப் இசைத்தட்டு. 2005ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வெளிவந்தது. பாடியவர் ஈழத்தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. அது அவருடைய முதல் இசைத்தட்டு. அதன் பெயர் ‘அருளர்’.

இலக்கிய நிகழ்ச்சியில் பொப் பாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நானும் முதலில் அப்படிக் கேட்டவன்தான். அடிகளாரும் கூத்தும் இடையில் தாமாகவே வந்து சேர்வார்கள்.

அந்த இசைத்தட்டு என் கைக்கு வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 2005ஆம் ஆண்டு ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சில நாட்கள் இருந்தன. சுனாமி அடித்து ஏழு மாதம். எங்கள் ஊருக்கு எதிரே, வாவிக்கு அப்பால் இருக்கும் நாவலடி அழிந்து கிடந்தது. உறவினர் பலர் இன்னும் கூடாரங்களில் இருந்தார்கள். அந்த நேரத்தில் லண்டனிலிருந்து ஒரு பொதி வந்தது. அண்ணனுடைய மகள், என் பெறாமகள், அனுப்பியிருந்தாள். உள்ளே இரண்டு சேட்டு, வலிக்குப் பூசும் மருந்து, ஓர் இறுவட்டு. கூடவே ஆங்கிலத்தில் ஒரு துண்டுக் கடிதம். ‘சித்தப்பா, இது எங்கட ஆள் ஒருவரின் பாட்டு. உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் கேளுங்க’ என்பது அதன் சாரம். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. தமிழ் பேசுவாள், எழுத வாசிக்கத் தெரியாது.

அயல் வீட்டுப் பையனின் கருவியில் போட்டுக் கேட்டேன். எனக்கு மிஞ்சியது தலையிடி. இயந்திரத்தில் அடித்த முழவு, அதற்குமேல் ஒரு பெண் குரல் அதட்டுவதுபோல, விளையாட்டுப் பிள்ளைகள் எண் சொல்வதுபோல, விரைந்து விரைந்து போகிறது. இராகமென்று பிடித்துக்கொள்ள ஒரு கொம்பில்லை. அட்டையைப் பார்த்தேன். துவக்கு, யுத்த தாங்கி, புலி. சீலையில் அச்சடிக்கும் பூவைப்போல இவற்றைக் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் அச்சடித்திருந்தார்கள். துவக்கையும் தாங்கியையும் வீதியில் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது அலங்காரமாகத் தெரியுமா? இறுவட்டை மூடி வைக்கப் போனபோதுதான் பெயரை எழுத்துக்கூட்டினேன். ‘அருளர்’. என் கை நின்றுவிட்டது.

அருளர் என்பவர் யார் என்பதை இன்றைய இளைய நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். அருட்பிரகாசம் என்ற பொறியியலாளரின் புனைபெயர் அது. 1975இல் லண்டனில் தொடங்கிய ஈரோஸ் அமைப்பின் ஆரம்பகாலத்தவர்களில் ஒருவர். மேல்நாட்டுப் பத்திரிகைகள் பல, பிற்காலத்தில் அவரை விடுதலைப் புலி என்று எழுதின. அது பிழை, அவர் அந்த இயக்கத்தில் இருந்தவரல்லர். நம்மில் பலருக்கு அவரை வேறொரு காரணத்துக்காகத் தெரியும். ‘லங்கா ராணி’ என்ற நாவலை எழுதியவர் அவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பில் உடுத்த உடுப்போடு நின்ற தமிழர்களை வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் லங்கா ராணி. அந்தக் கப்பற் பயணந்தான் நாவலின் களம்.

அந்த நாவலை எனக்குத் தந்தவர் அண்ணன். அட்டை கிழிந்து, நூலால் கட்டிய ஒரு பிரதி. எத்தனையோ கைமாறி வந்தது. ஒருநாள் இரவுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று, ஒரே விளக்கடியில் அவர் ஒரு பக்கத்தை முடிக்க, நான் அதே பக்கத்தைத் தொடங்குவேன். பின்னர் சொந்தமாக ஒரு பிரதி கிடைத்தது. 1990இல் அத்தகைய புத்தகம் வீட்டிலிருப்பதே ஆபத்தென்று அம்மா அதை அடுப்பில் வைத்தார். அதே வருடம் சைக்கிளில் ரவுணுக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. அவருடைய மகளுக்கு அப்போது நான்கு வயது.

இனி அந்தப் பாடகியின் கதைக்கு வருகிறேன். இயற்பெயர் மாதங்கி, வீட்டில் மாயா. 1975 ஜூலையில் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார். யாழ்ப்பாணத்திலும், இடையில் சிலகாலம் சென்னையிலும் வளர்ந்தார். தகப்பன் இயக்க வேலையாகத் தலைமறைவில். எப்போதாவது வீட்டுக்கு வந்தால், பிள்ளைகளுக்கு அவரை ‘மாமா’ என்று அறிமுகப்படுத்தினார்களாம். பிள்ளை வெளியில் வாய் தவறிச் சொல்லிவிடக்கூடாதே என்ற பயம். 1986இல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் திரும்பினார்கள். தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

மாயா சங்கீதம் படித்தவரல்லர். லண்டனின் பேர்பெற்ற சென்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்து 2000ஆம் ஆண்டு வெளிவந்தவர். ‘இலாஸ்ரிக்கா’ என்ற றொக் குழுவின் இசைத்தட்டுக்கு அட்டைப்படம் செய்தார். அவர்களுடைய சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கக் கூடச் சென்றார். அங்கே பீச்சஸ் என்ற பாடகி ஒரு சிறு கருவியை இவருக்குக் காட்டினார். றோலண்ட் எம்.சி. 505 என்பது அதன் பெயர். தாளங்களைப் பதிந்து, அடுக்கி, திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் பெட்டி. மத்தளக்காரனும் வேண்டாம், பக்கவாத்தியமும் வேண்டாம். இலாஸ்ரிக்கா குழுத் தலைவியிடம் அந்தப் பெட்டியை இரவல் வாங்கி, பழைய ஒலிநாடாக் கருவி ஒன்றோடு அறைக்குள் இருந்து பாட்டுக் கட்டினார். அப்படிப் பிறந்த ‘கலாங்’ என்ற பாட்டை 2003இல் ஒரு சிறு நிறுவனம் ஐந்நூறு பிரதிகள் மட்டும் வெளியிட்டது. அந்த ஐந்நூறும் நடன விடுதிகளில் சுற்றிச் சுற்றிக் காதுகளைப் பிடித்தன. எக்ஸ்.எல். என்ற நிறுவனம் இவரை ஒப்பந்தம் செய்தது.

முழு இசைத்தட்டு உடனே வரவில்லை. பிறர் பாட்டிலிருந்து எடுத்த துண்டுகளுக்கு அனுமதி பெற வேண்டியிருந்ததால் தாமதமாயிற்று. 2005 மார்ச்சில் அமெரிக்காவிலும் ஏப்ரலில் பிரித்தானியாவிலும் வெளியாயிற்று. விற்பனைப் பட்டியலில் பிரித்தானியாவில் 98ஆம் இடம், அமெரிக்காவில் 190ஆம் இடம். கடைக்காரன் கணக்கில் இது பெரிய வெற்றியல்ல. ஆனால் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பிரித்தானியாவின் மேர்க்குரி விருதுக்கு அந்த ஆண்டு தெரிவு செய்யப்பட்ட சில தட்டுகளில் இதுவும் ஒன்று.

பாட்டுகளில் என்ன இருக்கிறது? ஒரு பாட்டு, கடத்திச் செல்லப்பட்ட பெண்ணின் குரலில் வருகிறது. இன்னொன்று, பத்து டொலருக்கு உடலை விற்கத் தள்ளப்பட்ட சிறுமியைப் பற்றியது. ‘சண்சவர்ஸ்’ என்ற பாட்டின் படத்தைத் தென்னிந்தியக் காடொன்றில் எடுத்தார்கள். அதில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருவதால் எம்.ரீ.வி. தொலைக்காட்சி ஆட்சேபித்தது. எல்லாம் துண்டு துண்டான சொற்கள். ஒரு வரி விளையாட்டு, அடுத்த வரி குண்டு. பதுங்குகுழிக்குள் கிட்டிப்புள் கணக்குச் சொன்ன பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். அந்தக் குரல்தான் இது என்று மூன்றாம் முறை கேட்டபோது விளங்கியது.

தாளத்துக்கு வருகிறேன். இந்தத் தட்டில் ‘பக்கி டன் கன்’ என்றொரு பாட்டு உண்டு. அதன் அடி பிரேசில் நாட்டு றியோ நகரத்துச் சேரிகளில் பிறந்த ஆட்டத் தாளம். அந்தத் தாளத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். மட்டக்களப்பான் அப்படிக் கேட்கலாகாது. நமது பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலினோடு ஆடும் கபிரிஞ்ஞா எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயரும், அவர்கள் கப்பலில் கொண்டுவந்த ஆபிரிக்கரும் விட்டுச் சென்றது. அதிலிருந்து பைலா பிறந்தது. பைலாத் தாளத்தில் தமிழ்ச் சொல்லை ஏற்றி நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடினார்கள். எழுபதுகளில் இலங்கை வானொலி அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. ‘சின்ன மாமியே’ தெரியாத கல்யாண வீடு அன்று இருந்ததா? மனோகரனின் ‘சுராங்கனி’யைச் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து பாடினார்கள். 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமானபோது கடல் கடந்தும் அழுதார்கள். அன்று, இதெல்லாம் சங்கீதமா என்று முகம் சுழித்த பெரியவர்களும் இருந்தார்கள். றியோவின் சேரிக்கும் நமது பறங்கியர் தெருவுக்கும் ஒரே கப்பல்காரன் போயிருக்கிறான். ஒரே ஆபிரிக்க அடி இரண்டு கரையிலும் இறங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளை அறிந்தோ அறியாமலோ ஒன்றுவிட்ட சொந்தக்காரர் வீட்டிலிருந்துதான் தாளம் எடுத்திருக்கிறது. பின்னர் 2006இல், தமிழ்நாட்டு உறுமியையே நேரடியாக எடுத்து ‘பேர்ட் ஃபுளூ’ என்ற பாட்டைச் செய்தது.

பெயரையும் பாருங்கள். மாதங்கி. பழைய நிகண்டுகளில் மதங்கர் என்றால் பாணர், கூத்தர். கலம்பகம் என்ற சிற்றிலக்கியத்தில் மதங்கியார் என்றோர் உறுப்பு உண்டு. இரண்டு கையிலும் வாளை ஏந்திச் சுழன்று ஆடும் இளம்பெண்ணைப் பாடுவது அது. காரைதீவிலே பிறந்த நமது விபுலாநந்த அடிகள் 1926இல் ஷேக்ஸ்பியரைப் பற்றி நூல் செய்தபோது, அதற்கு இட்ட பெயர் ‘மதங்க சூளாமணி’. கூத்தருக்குள் முடிமணி ஷேக்ஸ்பியர் என்று அந்த ஆங்கிலக் கவிஞனைத் தமிழ்ச் சபையில் உட்காரவைத்தார். ‘யாழ் நூல்’ எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது. வாளேந்தி ஆடும் மதங்கியை ஏற்ற மொழிக்கு, துவக்குப் படம் போட்ட அட்டையோடு வரும் ஒரு மாதங்கியைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆயினும் என் மனக்குறையை மறைக்கவில்லை. அந்த அட்டைப் படங்கள் எனக்கு இன்றும் பிடிக்காது. போரைத் தூர இருந்து பார்ப்பவனுக்குத் துவக்கு ஒரு படம். கிட்ட இருந்தவனுக்கு அதன் சத்தமும் மணமும் தெரியும். வன்முறைக்கு வண்ணம் தீட்டுகிறார் என்று அவரைக் குறைகூறியவர்கள் அப்போதும் இருந்தார்கள், பிறகும் இருந்தார்கள். அவரோ, தான் கண்டதைத்தான் காட்டுவதாகச் சொன்னார். பத்து வயதில் ஓடிப்போன பிள்ளையின் ஞாபகத்தில் அந்த உருவங்கள்தாம் தங்கியிருக்கும் என்பதும் உண்மை. இரண்டு பக்கத்தையும் கேட்டு, தீர்ப்பை நேயர்களிடமே விடுகிறேன்.

என்னை அசைத்தது வேறு. அவர் மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர் எம்.ஐ.ஏ. போர்க்களத்தில் காணாமற்போனவர் என்பதற்கு ஆங்கிலப் படையினர் இடும் மூன்றெழுத்து. லண்டனில் அக்டன் என்ற பகுதியில் இருந்ததால் அதையும் சேர்த்த சிலேடை என்பார்கள். லண்டனில் அது சிலேடை. எங்கள் மாவட்டத்தில் காணாமற்போனோர் என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் சொல். 1990 செப்டெம்பர் 5ஆந் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் தாய்மார், படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

காணாமற்போனவர் என்று தனக்குப் பெயரிட்ட பிள்ளை, தன் முதல் தட்டுக்குத் தகப்பனின் பெயரை இட்டது. ஏன்? தகப்பன் எங்காவது இருந்து கணினியில் தன் பெயரைத் தேடினால், மகளின் தட்டு அவருக்குத் தென்படும் என்று எண்ணியதாக நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அப்படியே நடந்தது. தட்டின் பெயரை மாற்று என்று கேட்டுத் தகப்பனிடமிருந்து மின்னஞ்சல் வந்ததாம். உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்றும் அதிலேயே இருந்ததாம். மகள் பெயரை மாற்றவில்லை. இரண்டாவது தட்டுக்கு 2007இல் ‘கலா’ என்று தாயின் பெயரை இட்டார். 2013இல் வந்த தட்டுக்குத் தன் சொந்தப் பெயர், ‘மாதங்கி’. அருளர் 2019 டிசம்பரில் காலமானார். புனைபெயருக்குள் மறைந்து வாழ்ந்த மனிதரின் அந்தப் பெயரை, தமிழ் வாசிக்காத இலட்சக்கணக்கான பிள்ளைகள் உச்சரித்தது அந்தத் தட்டினால்தான்.

என் கதையின் மிச்சத்தைச் சொல்ல வேண்டும். பொதி கிடைத்த செய்தி சொல்ல லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அருளர் என்பவர் ஒரு நாவல் எழுதியவர், அதை உன் அப்பா எனக்கு வாசிக்கத் தந்தார் என்று சொன்னேன். மறுமுனையில் சத்தமில்லை. பிறகு கேட்டாள்.

“சித்தப்பா, அந்தப் பிள்ளைக்குத் தகப்பனை மாமா என்று சொன்னாங்களாம். எனக்கு என்ன சொன்னீங்க?”

நாங்கள் அவளுக்கு என்ன சொன்னோம்? அப்பா மத்திய கிழக்கில் வேலை செய்கிறார், லீவு கிடைக்கவில்லை என்று சொன்னோம். சின்னப்பிள்ளை தாங்காதென்று அவளுடைய தாயும் நானும் பேசிச் செய்த ஏற்பாடு அது. 1992இல் அவர்கள் லண்டன் போனபோதும் அதைத் திருத்தவில்லை. வளர வளர அவள் விளங்கிக்கொண்டிருப்பாள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அவள் விளங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அப்பாவைப் பற்றிக் கேட்டால் எங்களுக்கு நோகும் என்று பதினைந்து வருடம் கேட்காமல் இருந்தாள். எங்கள் பொய்யை அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாத்தியார் தன் வாழ்நாளில் கேட்ட கேள்விகளுக்குள் அது ஒன்றுக்குத்தான் நான் பதில் தேடித் தடுமாறினேன்.

அன்றிரவு சொல்லத் தொடங்கினேன். எந்தத் திகதி, என்ன சேட்டு, எந்த வழியாகப் போனார், எங்கெங்கே தேடினோம் எல்லாம் சொன்னேன். அதெல்லாம் முடிந்த பிறகு அவள் கேட்டது, “அப்பா பாடுவாரா?” என்பது. பாடுவார். மேசையில் தாளம் போட்டு ‘சின்ன மாமியே’ பாடுவார். பறங்கியர் தெருச் சிநேகிதன் வீட்டில் விடியும்வரை பைலா ஆடிவிட்டு, அம்மாவுக்குப் பயந்து வேலியால் ஏறிக் குதிப்பார். அதைக் கேட்டு அவள் சிரித்தாள். அண்ணனுக்காக நான் அழுத நாட்கள் பல. அவரை நினைத்து இருவர் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல்தடவை.

2012இல் அவள் ஊருக்கு வந்தாள். ஆடி அமாவாசை. நேயர்களுக்குத் தெரியும், மாமாங்கத் தீர்த்தத்தில் தந்தையை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்யும் நாள். காணாமற்போனவருக்குக் கடன் செய்வதா விடுவதா என்பது எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருடமாகத் தீராத கேள்வி. செய்தால் அவர் இல்லையென்று நாங்களே ஒப்புக்கொண்டதாகும். செய்யாவிட்டால், இல்லாமற்போயிருந்தால் அந்தக் கடன் கிடந்துவிடும். அவளுக்கு நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் குளத்துப் படியில் வெகுநேரம் இருந்தாள். கடன் செய்யவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து என்னிடம் நீட்டி, “அப்பாட பேரை எழுதிக் காட்டுங்க” என்றாள். எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்துப் பார்த்து, கீழே தன் கையால் எழுதினாள். ‘ழ’கரத்தில் சுழி பிழைத்தது. திருத்திக் கொடுத்தேன். அவள் எழுதிய முதல் தமிழ்ச் சொல் அது.

தகப்பன் பெயரைப் பிள்ளை எழுதுவதற்கு லண்டனில் ஓர் இசைத்தட்டு வர வேண்டியிருந்தது. என்போன்றவர்கள் வாய் திறக்காததால் வந்த வேலை அது. இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுள் எத்தனையோ வீடுகளில் இப்படிச் சொல்லாமல் வைத்த பெயர்கள் இருக்கும். பிள்ளைகள் கேட்காமல் இருப்பது தெரியாததால் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் பாடியிருப்பாரா, எதை வாசித்தார், எதற்குச் சிரித்தார் என்று சின்னச் சின்ன விடயங்களையாவது சொல்லி வையுங்கள்.

அந்த இறுவட்டு இன்றும் என் அலுமாரியில், ‘யாழ் நூல்’ இருக்கும் தட்டிலேயே இருக்கிறது. வருடத்தில் ஒருமுறை கேட்பேன். தலையிடி இன்னும் வருகிறது. ஆனாலும் முழுவதும் கேட்டு முடித்த பிறகுதான் நிறுத்துவேன்.